கழித்தல் குறியுள்ள நிகழ்தகவு

(பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு குவாண்டம் இயக்கவியல் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் கவனித்துவிட்டேன். அதனால் நம் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்தே, ஒரு வகுப்பறையிலிருந்தே, தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கணக்கைத் தலைகீழாகக் கழித்துவிட்டாள். விடை மைனஸ் ஆறில் ஒன்று என்று வந்தது. நான் பெருக்கல் குறி போட்டேன். அவள் எழுந்து, “தப்புன்னு தெரியுது சார். ஆனா நிகழ்தகவு ஏன் மைனசுல வரக்கூடாது?” என்று கேட்டாள். “0-க்கும் 1-க்கும் நடுவிலதான் வரும். அது விதி. உட்காரு” என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பாடநூலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, விதி மட்டும்தான் இருந்தது. அதே கேள்வியை வைத்துக்கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய இயற்பியலாளர்கள் சிலர் மல்லாடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. இன்று சொல்லப்போவது அந்தக் கதை.

முதலில் ஓர் ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஆடும் ஊஞ்சலைப் புகைப்படம் எடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். முன்னே போகிறதா, பின்னே வருகிறதா, எவ்வளவு வேகம் என்பது தெரியாது. அடுத்த நொடி அது எங்கே இருக்கும் என்று சொல்ல இடம் ஒன்று, உந்தம் ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும். வரைபடத் தாளில் கிடை அச்சில் இடத்தையும் செங்குத்து அச்சில் உந்தத்தையும் குறியுங்கள். ஊஞ்சலின் அந்தக் கண நிலை ஒரே ஒரு புள்ளியாகிவிடும். சிறு வீச்சில் ஆடும் தனி ஊசலுக்கு அந்தப் புள்ளி ஒரு நீள்வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். காற்றின் தடையையும் சேர்த்துக்கொண்டால் நீள்வட்டம் சுருள் சுருளாக நடுவை நோக்கி இறங்கும். இந்தத் தாளுக்குத்தான் ‘கட்ட வெளி’ என்று பெயர். கட்டம் என்றால் நம் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டம்தான் நினைவுக்கு வரும். ஆகவே வகுப்பில் இதை ‘இட–உந்த வரைபடம்’ என்றே சொல்லுங்கள், குழப்பம் வராது.

ஒரு ஊஞ்சலுக்குப் பதில் ஒரு குடுவை நிறைய வாயு இருந்தால்? ஒவ்வொரு மூலக்கூறாகப் பின்தொடர யாராலும் முடியாது. அப்போது ஒரு புள்ளியை விட்டுவிட்டு, புள்ளிகளால் ஆன ஒரு மேகத்தைப் பார்க்கிறோம். மேகம் அடர்ந்த இடத்தில் நிகழ்தகவு அதிகம், மெலிந்த இடத்தில் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் லியூவில், போல்ட்ஸ்மான், கிப்ஸ் ஆகியோர் கட்டியெழுப்பிய புள்ளியியல் இயக்கவியல் இந்த மேகத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த மேகத்தில் எந்த இடத்திலும் அடர்த்தி சுழியத்துக்குக் கீழே போகாது. போகவும் வழியில்லை.

1925-இல் ஹெய்சன்பர்க் வந்தார். இடத்துக்கும் உந்தத்துக்கும் ஒற்றை எண்களுக்குப் பதில் எண் அட்டவணைகளை வைத்தார். பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவர்களுக்குத் தெரியும், அணிப் பெருக்கலில் பரிமாற்றுப் பண்பு கிடையாது. இடத்தை உந்தத்தால் பெருக்குவதும் உந்தத்தை இடத்தால் பெருக்குவதும் வேறுவேறு விடை தரும். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பால் டிராக் இதையே யோசித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தார். பழைய இயக்கவியலில் ‘பாய்சான் அடைப்பு’ என்று ஒன்று படித்தோமே, அதற்கும் இதற்கும் ஒற்றுமை இருக்கிறதே என்று பட்டது. ஆனால் அதன் சரியான வரையறை நினைவுக்கு வரவில்லை. ஞாயிறு என்பதால் நூலகம் பூட்டியிருந்தது. மறுநாள் காலை நூலகம் திறக்கும்வரை தவித்துக் காத்திருந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தான் நினைத்தது சரிதான் என்று கண்டார். இதை டிராக்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழைய இயற்பியலிலிருந்து புதிய இயற்பியலுக்கு ஒரு பாலம் கிடைத்துவிட்டது. இந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1927-இல் ஹெய்சன்பர்க் நிச்சயமற்ற தன்மைக் கோட்பாட்டை வெளியிட்டார். இடத்தையும் உந்தத்தையும் ஒரே சமயத்தில் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். அப்படியானால் நம் வரைபடத் தாளில் புள்ளி வைக்கவே முடியாது. பிளாங்க் மாறிலி, அதாவது 6.626 × 10⁻³⁴ ஜூல் நொடி, என்ற அளவுக்கு ஒரு சிறு பரப்பைத்தான் காட்ட முடியும். கூர்மையான பென்சிலுக்குப் பதில் மொத்தையான சாக்பீஸ் கையில் இருப்பதுபோல. எனவே அந்தத் தாளையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள்.

தூக்கிப் போடாதவர்களில் ஒருவர் ஹங்கேரியில் பிறந்த யூஜின் விக்னர். அவருக்கு 1932-இல் தத்துவப் பிரச்சினை எதுவும் இல்லை. தாழ்ந்த வெப்பநிலையில் வாயுக்களின் பண்புகளைக் கணக்கிடும்போது குவாண்டம் விளைவால் எவ்வளவு திருத்தம் செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பழைய மேகம்போல ஒன்று இருந்தால் வசதி. அலைச் சார்பிலிருந்து அப்படி ஒரு சார்பை எழுதினார். லியோ சிலார்டும் தானும் வேறொரு நோக்கத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டது என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டார். அந்தச் சார்பு எப்படி வந்தது என்ற விளக்கம் அந்தக் கட்டுரையில் இல்லை. நம் மாணவர் யாராவது வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருந்தால் நாம் பாதி மதிப்பெண்தான் கொடுத்திருப்போம்.

விக்னர் சார்பின் அழகு இதுதான். வரைபடத்தில் மேலிருந்து கீழாக அதைக் கூட்டினால் துகள் எந்த இடத்தில் இருக்கும் என்பதன் சரியான நிகழ்தகவு கிடைக்கிறது. இடமிருந்து வலமாகக் கூட்டினால் எந்த உந்தத்தில் இருக்கும் என்பதன் சரியான நிகழ்தகவு கிடைக்கிறது. சாய்வாக எந்தக் கோணத்தில் கூட்டினாலும் அதற்குரிய அளவீட்டின் நிகழ்தகவு கிடைக்கிறது. இந்தக் கூட்டுத்தொகைகளில் ஒன்றுகூடச் சுழியத்துக்குக் கீழே போவதில்லை. ஆனால் கூட்டாமல் உள்ளே எட்டிப் பார்த்தால், சில இடங்களில் அதன் மதிப்பு மைனஸ். இதனால் இதை இடத்துக்கும் உந்தத்துக்குமான உண்மையான கூட்டு நிகழ்தகவாகக் கொள்ள முடியாது, ஆனாலும் கணக்குக்குப் பயன்படுத்தத் தடையில்லை என்று விக்னரே அதே கட்டுரையில் எழுதிவிட்டு மேலே போய்விட்டார்.

ஜப்பானில் கோடி ஹுசிமி 1940-இல் வேறு வழி பார்த்தார். விக்னர் சார்பைப் பிளாங்க் மாறிலி அளவுக்குக் கொஞ்சம் தேய்த்து மழுக்கினால் மைனஸ் பகுதிகள் மறைந்துவிடும் என்று காட்டினார். ஈர வண்ணத்தைத் துணியால் துடைப்பதுபோல. மைனஸ் போய்விடும், கூடவே துல்லியமும் போய்விடும். (இதே ஹுசிமி பின்னாளில் தம் மனைவியுடன் சேர்ந்து காகித மடிப்பின் வடிவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

இப்போது கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

ஹோசே என்ரிக் மோயல் 1910-இல் ஜெருசலேமில் பிறந்தவர். பிரான்சில் மின்பொறியியல் படித்தவர். 1940-இல் ஜெர்மானியப் படைகள் பிரான்சுக்குள் நுழைந்தபோது தப்பி இங்கிலாந்துக்குப் போனார். அங்கே டி ஹாவிலண்ட் விமானத் தொழிற்சாலையில், விமானங்களின் அதிர்வுகளை ஆராயும் வேலை. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. போர்க்காலத்தில் பகலெல்லாம் விமான இறக்கை ஏன் நடுங்குகிறது என்று பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் குவாண்டம் இயக்கவியலை முழுக்க ஒரு புள்ளியியல் கோட்பாடாக, இட–உந்த வரைபடத்தின் மேலேயே எழுதிவிட முடியுமா என்று யோசித்தார்.

முடியும் என்று கண்டதும் அதை டிராக்குக்கு எழுதினார். அப்போது டிராக் நோபல் பரிசு பெற்றவர், கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த அதே பேராசிரியர் பதவியில் இருப்பவர். 1944 முதல் 1946 தொடக்கம் வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. மோயலின் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி ஆன் மோயல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. டிராக் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: எல்லாச் சராசரிகளையும் சரியாகத் தரும் இட–உந்த நிகழ்தகவுச் சார்பு எதுவும் இருக்க முடியாது, அது வெளிப்படை. மோயல் விடவில்லை. மரியாதை குறையாமல், ஆனால் தன் நிலையிலிருந்து நகராமல் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். டிராக்கின் ஆதரவு இல்லாததால் கட்டுரை அச்சேறத் தாமதமானது.

டிராக் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. டிராக்கும் முதலில் பிரிஸ்டலில் மின்பொறியியல் படித்தவர்தான், மோயலைப் போலவே. அடுத்தது, எதிர்மறை நிகழ்தகவு என்பது அபத்தம் அல்ல, கடன் தொகையை மைனஸ் பணமாக எழுதுவதுபோலக் கணிதத்தில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு என்று 1942-இல் அச்சான ஒரு சொற்பொழிவில் சொன்னவரே அவர்தான்! இரண்டே ஆண்டுகள் கழித்து, அந்தக் கருத்தை நன்றாகக் கட்டியெழுப்பி ஒருவர் கொண்டுவந்து காட்டியபோது அவரால் ஏற்க முடியவில்லை.

டிராக்கின் மறுப்பில் நியாயமே இல்லையா என்றால், இருந்தது. இடம், உந்தம் இரண்டையும் பெருக்கிச் சராசரி எடுக்க வேண்டும் என்றால் எதை முதலில் போடுவது? வரிசை மாறினால் விடை மாறுகிறதே! மோயலின் பதில், வரிசைக்கு ஒரு விதியை முன்கூட்டியே வைத்துக்கொள்வோம் என்பது. அப்படி ஒரு விதியை ஹெர்மன் வைல் 1927-லேயே கொடுத்திருந்தார். அந்த விதியை வைத்தால் விக்னர் சார்பு தானாக வந்து நிற்கிறது. விக்னர் எழுதாமல் விட்ட வழிமுறை இதுதான். அதன் பிறகு, இட–உந்தத் தாளின் மேல் அந்தச் சார்பு நேரத்தோடு எப்படி மாறும் என்று மோயல் கணக்கிட்டார். விடையில் டிராக்கின் பாய்சான் அடைப்பு வந்தது. அதோடு நிற்கவில்லை. பிளாங்க் மாறிலியின் இருபடியைக் கொண்ட திருத்தம், நான்காம் படியைக் கொண்ட திருத்தம் என்று ஒரு தொடராகப் போனது. இன்று அதற்கு ‘மோயல் அடைப்பு’ என்று பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமை டிராக் கண்ட பாலம் முதல் உறுப்பு மட்டும்தான்.

நம் ஊசலுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சிறு வீச்சில் ஆடும் ஊசலுக்கு அந்தத் திருத்தங்கள் எல்லாம் சுழியம். விக்னர் சார்பு கடிகார முள்போல அப்படியே சுற்றி வரும், பழைய இயற்பியல் சொன்னது போலவே.

இதே சமயத்தில் நெதர்லாந்தில் ஹிப் குரூனவோல்டு என்பவர், மோயலைப் பற்றி எதுவும் அறியாமல், தன் முனைவர் பட்ட ஆய்வில் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து 1946-இல் வெளியிட்டார். அவர் இன்னொன்றும் நிறுவினார். பாய்சான் அடைப்பை எல்லாச் சார்புகளுக்கும் அப்படியே குவாண்டத்துக்குப் பெயர்க்கும் விதி எதுவும் கிடையாது. எந்த விதியை எடுத்தாலும் எங்காவது உடையும். ஆக, எல்லாம் நேராகப் பொருந்தாது என்று டிராக் சொன்னது சரி. பொருந்தாவிட்டாலும் முழுக் கோட்பாட்டையும் இந்தத் தாளில் எழுதலாம் என்று மோயல் சொன்னதும் சரி.

மோயலின் கட்டுரை 1949-இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதற்குள் அவர் பெல்ஃபாஸ்டில் ஆசிரியப் பணி பெற்றிருந்தார். பிறகு மான்செஸ்டர், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் என்று போய், 1998-இல் மறைந்தார்.

இந்த மைனஸ் வெறும் காகிதக் கணக்கு என்று யாராவது சொல்லலாம். சி.டி. ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது? பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர் நிழல்களை எடுத்து, அவற்றைக் கொண்டு உடலின் உள்ளே இருப்பதைக் கணக்கிடுகிறார்கள். அதற்கான கணிதம் 1917-இல் ராடான் கொடுத்தது. விக்னர் சார்பின் சாய்வுக் கூட்டல்களும் நிழல்கள்தாமே! 1993-இல் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஒளியின் விக்னர் சார்பை இப்படி நிழல்களிலிருந்து மீட்டெடுத்தார்கள். அந்த ஒளி நிலைகளில் மைனஸ் இல்லை. 1996-இல் கொலராடோவில் வைன்லண்ட் குழுவினர் பொறிக்குள் பிடித்து வைத்த ஒற்றை அயனிக்கு, வேறொரு முறையில், விக்னர் சார்பை அளந்தார்கள். அதில் மைனஸ் தெளிவாகவே தெரிந்தது. 1997-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் ஹீலியம் அணுக்களுக்கும் அளந்தார்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கோட்டயம் அருகே பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன், 1963-இல் லேசர் போன்ற ஒளிக்கற்றைகளை விவரிக்க இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சார்பைக் கொடுத்தார். அதுவும் மைனசுக்குப் போகக்கூடியது. குவாண்டம் ஒளியியலுக்கான 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதி ராய் கிளாபருக்குக் கிடைத்தது, சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. தன் பங்கு விடுபட்டதைச் சுட்டிக்காட்டி அவர் நோபல் குழுவுக்கே கடிதம் எழுதினார். 1980-களில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அந்நிறுவனத்தின் ஆர். சைமன் 2000-இல், இரண்டு ஒளிக்கற்றைகள் பின்னிப் பிணைந்திருக்கின்றனவா என்று கண்டறிய ஒரு சோதனையைக் கொடுத்தார். ஒரு கற்றையின் உந்த அச்சை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாக்குங்கள். அதன் பிறகு வரும் விக்னர் சார்பு இயற்கையில் இருக்க முடியாததாக மாறிவிட்டால், அவை பிணைந்தவை. இட–உந்தத் தாளை ஒரு திருப்பு திருப்பினால் போதும்.

கடைசியாக, நாளைக்கே கரும்பலகையில் போடக்கூடிய ஒன்று. இதன் மூலம் 1987-இல் வில்லியம் வூட்டர்ஸ் எழுதிய கட்டுரை. எண்களை நான் பள்ளிக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறேன். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள் வரையுங்கள். நான்கு எண்களின் மொத்தம் 8. மேல் வரிசையின் கூடுதல் 2, கீழ் வரிசை 6. இடப்பக்க நிரல் 2, வலப்பக்க நிரல் 6. மேல் இடமூலையிலிருந்து இறங்கும் மூலைவிட்டம் 2, மற்ற மூலைவிட்டம் 6. எண்களை நிரப்பச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் முதலில் 1, 1 என்று போட்டுப் பார்ப்பார்கள். அமையாது. 0, 2 என்று போடுவார்கள். அதுவும் அமையாது. பிறகு மேல் இடமூலை எண்ணை ‘அ’ என்று வைக்கச் சொல்லுங்கள். அதோடு மற்ற மூன்று எண்களில் எதைக் கூட்டினாலும் 2 வர வேண்டும். மூன்று கூட்டல்களையும் சேர்த்தால் 6. அதில் ‘அ’ மூன்று முறை வருகிறது, மற்றவை ஒவ்வொரு முறை. ஆனால் எல்லாம் ஒவ்வொரு முறை சேர்ந்தால் 8. ஆகவே இரண்டு ‘அ’ என்பது 6 கழித்தல் 8, அதாவது மைனஸ் 2. ‘அ’ மைனஸ் 1, மற்ற மூன்றும் 3. வேறு விடையே கிடையாது.

எலக்ட்ரானின் தற்சுழற்சியை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் எதில் அளந்தாலும், எட்டில் இரண்டு பங்கு மேல்நோக்கி, ஆறு பங்கு கீழ்நோக்கி என்று விடை வரும்படி உண்மையிலேயே தயாரிக்க முடியும். ஒரு சமயத்தில் ஒரு திசையில்தான் அளக்கலாம். அதாவது ஒரு வரிசையையோ, ஒரு நிரலையோ, ஒரு மூலைவிட்டத்தையோதான் பார்க்கலாம். தனிக் கட்டத்தைத் திறந்து அந்த மைனஸ் 1-ஐப் பார்க்க எந்த அளவீட்டாலும் முடியாது.

ஐந்து ஆப்பிள் வைத்திருந்தவர் பத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு எட்டைப் பெற்றால் கையில் மூன்று என்று எதிர்மறை நிகழ்தகவு பற்றிய தம் கட்டுரையில் ஃபைன்மன் எழுதியிருக்கிறார். இடையில் மைனஸ் 5 ஆப்பிள் எங்கே இருந்தது என்று நாம் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடம் எடுப்பவர்களுக்கு இந்த உதாரணம் நேரடியாகவே உதவும்.

இதையும் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் மாணவர்களிடம் 2, 6-க்குப் பதில் 1, 7 என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். ‘அ’ மைனஸ் இரண்டரை என்று வரும். கணக்கு சரிதான். ஆனால் அப்படி ஓர் எலக்ட்ரானை யாராலும் தயாரிக்க முடியாது. இந்த அட்டவணையில் எட்டுக்கு மைனஸ் 1.46 என்ற அளவுக்குக் கீழே இறங்க இயற்கை விடுவதில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மூன்றின் வர்க்கமூலம் போதும், பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள், காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

 இனி உங்கள் கேள்விகள்.